ராகிக் கதிர் போட்ட பீடத்துணி

எனக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்போது, மொரப்பூரைச் சுற்றியிருந்த ஊர்களில் துணியில் பூவேலை செய்ய வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சேர்க்கலாம்தான். ஆனால் எனக்கு அதில் பெருமை இருந்தது, இப்போதும் இருக்கிறது. பள்ளிக்கூடம் முடித்ததும் சிஸ்டர்கள் நடத்திய தையல் வகுப்பில் சேர்ந்தேன். கூடப் படித்த பெண்கள் ஜாக்கெட் வெட்டக் கற்றுக்கொண்டதும் நின்றுவிட்டார்கள். எனக்கு ஊசியும் மர வளையமும் கையோடு ஒட்டிக்கொண்டன. அந்த வருடம் கடலை நன்றாக விளைந்திருந்தது. அப்பா ஒரு தையல் மிஷினை வாங்கி வந்து முன்னறையில் போட்டார்.

"யார்கிட்டயும் கைகட்டி வேலைக்குப் போவாத. வேலை உன்னத் தேடிக்கிட்டு வரட்டும்" என்றார்.

அப்படித்தான் வந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. கல்யாணம் நிச்சயமானதும் முதல் வேலையாகத் தலையணை உறைக்குச் சொல்லிவிடுவார்கள். உறையின் மூலையில் ரோஜாக்கொத்து, நடுவில் 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' என்று இங்கிலீஷ் எழுத்து. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அந்த வீடுகளில் இருக்க மாட்டார்கள். ஆனாலும் எழுத்தில்லாத உறையை வாங்க மாட்டார்கள். அப்புறம் ஜாக்கெட் கைகள், கைக்குட்டை, குழந்தைக்கு ஞானஸ்நான உடுப்பு.

எல்லாவற்றுக்கும் மாதிரி, சிஸ்டர்களிடமிருந்து நான் நகலெடுத்து வைத்திருந்த எண்ணெய்த்தாள்கள்தான். தாளில் கோடு நெடுக ஊசியால் துளை குத்தியிருக்கும். துணிமேல் அதை விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலத்தை ஒற்றி எடுத்தால் படம் புள்ளிபுள்ளியாக இறங்கிவிடும். ரோஜா, அன்னப்பறவை, திராட்சைக் குலை, பெயர் தெரியாத ஐந்து இதழ்ப் பூ. அவற்றில் பாதியை நான் செடியில் பார்த்ததில்லை. அது எனக்கு ஒரு குறையாகவும் தோன்றியதில்லை.

ஓர் ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு ஓடு ஒழுகியது. தாள்கள் வைத்திருந்த தகரப்பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, நீலம் கரைந்து, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டன. பிரித்தால் கையோடு கிழிந்து வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாண ஜாக்கெட் கையில் இருந்தது. பக்கத்து ஊரில் நிறைய நிலம் வைத்திருந்த வீட்டுப் பெண். கை இரண்டுக்கும் கிளிப்பச்சைப் பட்டுத்துணி கொடுத்து, "உங்க இஷ்டத்துக்குப் போடுங்கக்கா, ஆனா யாரும் போட்டிருக்கக் கூடாது" என்று சொல்லிப் போயிருந்தாள்.

தாள் இல்லை, வாக்குக் கொடுத்தாகிவிட்டது. வெறுங்கையோடு முன்வாசலில் நின்றேன். எதிரே கிளுவை வேலி. அதன்மேல் கார்த்திகைப் பூக்கொடி படர்ந்து கிடந்தது. வருடா வருடம் அங்கேதான் பூக்கிறது. அன்றைக்குத்தான் அதை ஒரு வேலையாகப் பார்த்தேன். மொட்டு தலைகுனிந்து பச்சையாக இருக்கிறது. விரிந்ததும் இதழ்கள் கீழே இறங்காமல் மேல்நோக்கி வளைகின்றன. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, ஓரமெல்லாம் நெளி. பழைய பூ முழுச் சிவப்பு. இலையின் நுனிகூடச் சும்மா முடியாமல் சுருண்டு வேலிக் குச்சியைப் பிடித்திருந்தது. ஒரே கொடியில் ஒரு பூவின் வயதெல்லாம் இருந்தது. ஒரு கொத்தை ஒடித்து வந்து துணியின்மேல் கிடத்தி, பென்சிலால் ஓரம் வரைந்தேன். 

அந்த வேலை நன்றாக வந்தது. அதுவரை நான் செய்த எதுவும் அவ்வளவு நன்றாக வந்ததில்லை. மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போக நூலை எங்கே மாற்றுவது என்று எந்தத் தாளும் சொல்லியிருக்காது. வேலியைப் பார்த்துப் பார்த்து மாற்றினேன்.

பெண்ணும் அவள் அம்மாவும் வாங்கிப்போக வந்தார்கள். பெண் துணியை விரித்ததும் "ஐயோ, தீ மாதிரி இருக்குதுக்கா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அம்மா துணியைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இது என்ன பூவுங்க?"

"நம்ம வேலியில பூக்குமுங்களே, கார்த்திகைப் பூ."

"கண்வலிக் கிழங்குப் பூ" என்றார். துணியை மிஷின்மேல் வைத்தார். வைத்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "எந்தங்கச்சி அந்தக் கிழங்காலதான் செத்தா."

பெண் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "சின்னம்மா காய்ச்சல்ல போனாங்கன்னுதானே சொன்ன?"

"அப்ப நீ சின்னப்புள்ள."

உள்ளே என் அம்மா தோசைக்கல்லைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. அந்தக் கிழங்கில் விஷம் உண்டு என்பது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பூ வேலியில் இருந்தவரை தெரிந்திருந்தது. துணிக்கு வந்தபோது எனக்கு அதன் வடிவமும் நிறமும் மட்டுமே கண்ணில் பட்டன.

"வேற துணி எடுத்து நானே போட்டுத் தர்றனுங்க" என்றேன். "என்ன பூ போடட்டும்? நீங்க சொல்லுங்க."

"புளியம்பூ போடுவியா?" என்றார் அவர். "நானும் அவளும் ரோட்டோரம் புளியம்பூவ உருவித் தின்னுக்கிட்டே பள்ளிக்கூடம் போவோம். நாக்கெல்லாம் புளிப்பா இருக்கும்."

அது புளி பூக்கிற பருவமல்ல. மரத்தில் இலை இருந்தது, பூ இல்லை. அவரையே உட்காரவைத்துக் கேட்டேன். இதழ் மூன்றுதான் வெளியே தெரியும், வெளிறிய மஞ்சள், உள்ளே ரத்த நரம்பு மாதிரி சிவப்புக் கோடு, கொத்து தொங்கும் என்று விரலால் காற்றில் வரைந்து காட்டினார். பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். அவர்கள் போனபோது சாயங்காலம் ஆகிவிட்டது. வாசல்வரை பேசிக்கொண்டே போனார்கள், சின்னம்மாவைப் பற்றித்தான்.

"புளியமரத்துல பேய் இருக்குதும்பாங்க. அது கல்யாணத்துக்கு ஆவும், கார்த்திகைப் பூ ஆவாதா?" என்றார் என் அம்மா.

"ஆவும்மா. அவுங்களுக்கு ஆவும்" என்றேன்.

புளியம்பூ ஜாக்கெட்டைத் தை மாதம் கல்யாணத்தில் ஊரே பார்த்தது. கார்த்திகைப்பூத் துணியை நான் பிரிக்கவில்லை, பெட்டியில் வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் எந்தச் செடியைத் துணிக்குக் கொண்டுவந்தாலும், யாருக்காகச் செய்கிறேனோ அவர்களிடம் அந்தச் செடியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துவிடுவேன். ஊமத்தைக்கு ஒரு வீட்டில் சிரிப்பார்கள், இன்னொரு வீட்டில் சாமிக்குரியது என்பார்கள். எண்ணெய்த்தாளைத் திரும்பச் செய்துகொள்ளவே இல்லை.

நூல்தான் தொல்லை கொடுத்தது. தர்மபுரிக் கடையில் கிடைத்த கண்டுகளில் சிவப்பு என்றால் குங்குமச் சிவப்பு, பச்சை என்றால் கிளிப்பச்சை. காய்ந்த புல்லின் நிறம், மழைக்கு முந்தைய பாறையின் நிறம் எதுவும் கிடையாது. இதை நான் புலம்பிக்கொண்டிருந்ததைக் கேட்டவர் எங்கள் பின்வீட்டு அக்கா. தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர், வீட்டுப்பேச்சு கன்னடம். அவர் கணவர் பெங்களூருக்கு லாரி ஓட்டினார், வாரத்தில் ஒருநாள் வீட்டில் இருந்தால் அதிகம். அக்காவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட. சும்மா இருக்க முடியாதவர்.

"கடையில இல்லாட்டி என்ன? காய்ச்சிக்கலாம் பா" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாது. காய்ச்சினா தெரிஞ்சிரும்."

அவ்வளவுதான் ஆரம்பம். வெள்ளை நூலை வாங்கி வந்து, அவர் வீட்டுப் பின்னால் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினோம். வெங்காயத் தோலைப் படிகாரத்தோடு கொதிக்கவிட்டால் பொன்பழுப்பு வந்தது. ஆவாரம்பூ மஞ்சள் கொடுத்தது. அரூர்ச் சந்தையில் வாங்கிய கடுக்காயை இடித்து ஊறவைத்து, துருப்பிடித்த ஆணி போட்ட தண்ணீரில் முக்கினால் சாம்பல், இன்னும் கொஞ்சம் விட்டால் கறுப்பு. மாதுளைத் தோலையும் கடுக்காயையும் சேர்த்தபோது வந்த நிறத்துக்கு எங்களுக்குப் பெயர் தெரியவில்லை. "எருமை நனைஞ்ச கலரு" என்று அக்கா வைத்த பெயரே நிலைத்துவிட்டது. அம்மா வருகிறவர்களிடமெல்லாம், "சோறாக்கச் சொன்னா நூல வேகவெக்கறாளுங்க" என்று முறையிட்டுக்கொண்டிருந்தார். வெங்காயத் தோலை மட்டும் தவறாமல் எடுத்துவைத்தார்.

அடுத்த வருடம் ஐப்பசி வாக்கில் பங்குச்சாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தெற்கத்திக்காரர், நடுத்தர வயது, எங்கள் வேதக்கோயிலுக்கு வந்து அதிக நாளாகவில்லை.

"பழைய பீடத்துணி நைஞ்சு போச்சும்மா. பொங்கல் பூசைக்குப் புதுசு வேணும். கோதுமைக் கதிரும் திராட்சைக் குலையும் போட்டுக் குடு."

"திராட்சை சரிங்க சாமி, கிருஷ்ணகிரிப் பக்கம் பந்தல்ல பாத்திருக்கன். கோதுமைக் கதிர நான் கண்ணால பாத்ததில்லீங்க. நான் பாத்த கோதுமையெல்லாம் ரேஷன் கடை மூட்டையிலதான்."

"படத்தப் பாத்துப் போட்டாப் போதும்மா."

"இப்பெல்லாம் படத்தப் பாத்துப் போடறதில்லீங்க."

சாமியார் சிரித்தார். "அப்ப எதப் பாத்துப் போடுவ?"

கோயில் அறையின் ஜன்னலுக்கு வெளியே யாருடையதோ மானாவாரிக் கொல்லை. ராகி முழங்கால் உயரத்துக்கு நின்றது. அதைக் காட்டினேன். "இன்னும் கொஞ்ச நாள்ல கதிர் வாங்கிரும். அதப் பாத்துப் போடறன்."

அவர் ஜன்னலோரம் வந்து பார்த்தார். "பூசையில குடுக்கற அப்பம் கோதுமையிலதான் இருக்கணும், தெரியுமில்ல? அது மாத்த முடியாத விதி."

"அப்பத்த நான் மாத்தச் சொல்லலீங்க சாமி. துணியப் பத்தித்தான் பேசறன். பொங்கலுக்கு அவுங்கவுங்க கொல்லையில வெளஞ்சதக் கொண்டாந்துதானே பீடத்துக்கு முன்னால வெக்கறாங்க? யாரு கோதுமை கொண்டாறாங்க?"

அப்போது உபதேசியார் உள்ளே வந்துவிட்டார். செபம் சொல்லிக்கொடுப்பது, கோயில் கணக்கைப் பார்ப்பது, திருவிழாவை நடத்துவது எல்லாம் அவர்தான். அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம், நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"களி நம்ம வூட்டுச் சட்டியில இருக்கட்டும்மா. பீடத்துமேல எதுக்கு அது? பொம்மிடி, சேலம்னு வெளியூர்ச் சனமெல்லாம் வருது. அரிசிக்கு வக்கில்லாத ஊருன்னு நெனச்சிக்க மாட்டாங்களா?"

அவர் சொன்னது எனக்குப் புரியாமலில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் களிப் பானையைத் தள்ளி மறைத்து வைத்துவிட்டு அரிசி கடன் வாங்க ஓடும் ஊர் அது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அந்தக் கொல்லைகளில் நான் ஒரு வருடமாக நடந்து பார்த்திருந்தேன். மறைத்துவைக்க அதில் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

"வெளியூர்க்காரங்க பாத்தா நல்லாயிருக்குதுன்னு சொல்ற மாதிரி போட்டுத் தர்றன் பெரியப்பா" என்றேன்.

சாமியார் இருவரையும் பார்த்தார். "செஞ்சு கொண்டாரட்டும். பொங்கல் அன்னைக்கு விரிச்சு வெப்போம். சனங்க வேணாம்னா மறுநாளே எடுத்துட்டுப் பழசப் போட்டுக்கறேன். உனக்குச் சம்மதமாம்மா?"

"சம்மதம் சாமி."

அக்காவிடம் சொன்னபோது அவருக்குத்தான் என்னைவிட உற்சாகம். கதிரை அவர்கள் மொழியில் தெனெ என்பார்கள். "ராகி தெனெ! எங்கூர்ல மொதல் தெனெய வாசல்ல கட்டி வெப்பாங்க. கோயில்ல வெச்சா என்ன?" என்றார். அவர் எங்கள் கோயிலுக்குள் அதுவரை வந்ததே இல்லை. பொங்கலுக்கு எந்தப் புடவை கட்டுவது என்று அன்றைக்கே கேட்டார்.

கார்த்திகை மாதம் முழுக்க நான் கொல்லைகளில்தான் இருந்தேன். ராகிக் கதிரை எல்லோரும் பார்த்திருப்பார்கள். உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. கதிர் வெளிவரும்போது குவித்த கைவிரல் மாதிரி இருக்கும். மணி பிடிக்கப் பிடிக்க விரல்கள் உள்நோக்கி மடங்கும். ஒரு கொல்லையில் இரண்டு கதிர் ஒரே மாதிரி மடங்கியிருக்காது. காலையில் பனி ஏறியிருந்தால் பச்சை நீலம் பாய்ந்து தெரியும், உச்சிவெயிலில் அதே கதிர் வெண்மை தட்டும். முற்றும்போது பழுப்பு விரலின் நுனியிலிருந்து இறங்குகிறதா அடியிலிருந்து ஏறுகிறதா என்று பார்க்கத் தினமும் ஒரே செடிக்குப் போனேன். குருவி கொத்திய கதிர்களில் அங்கங்கே வெறும் தோல் நின்றது. அதையும் வரைந்துகொண்டேன்.

மணிகளுக்கு முடிச்சுத் தையல். ஊசியில் நூலைச் சுற்றி இழுத்தால் துணிமேல் ஒரு மணி நிற்கும். ஒரு கதிருக்கு எத்தனை மணி என்று எண்ணவில்லை, எண்ணியிருந்தால் பயந்திருப்பேன். பச்சையிலிருந்து பழுப்புக்குப் போகும் வழியெல்லாம் அக்கா காய்ச்சிய நூல்.

முதல் கதிர்க் கூட்டம் முடிந்ததும் துணியைத் துவைத்துப் பார்த்தோம். பழுப்பு ஓடிவிட்டது. வெள்ளைத் துணியில் காப்பி கொட்டிய மாதிரி கறை. அக்கா துணியைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்பயே ஓடுச்சே, நல்லதாப் போச்சு. பீடத்துல இருந்து ஓடுனா நம்மள ஊர விட்டே ஓட்டியிருப்பாங்க" என்றார். மீதியிருந்த நூல் அத்தனையையும் எடுத்துத் திரும்பப் படிகாரத்தில் ஊறவைத்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி அலசி, வேலியில் தொங்கவிட்டு வெயில் காட்டினார். ஓடுகிற நிறமெல்லாம் ஓடி முடிந்த பிறகுதான் என் கையில் கொடுத்தார். நான் புதுத்துணியில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாவது தடவை கை இன்னும் வேகமாகப் போனது. முதல் துணியில் கதிர்களை வரிசையாக நிறுத்தியிருந்தேன். இதில் காற்றடிக்கும் பக்கம் சாயவிட்டேன். முதல் துணி கெட்டது ஒருவகையில் நல்லதுதான்.

பொங்கல் பூசை. கோயில் வாசலில் கரும்பு கட்டியிருந்தார்கள். பீடத்தின் முன்பக்கம் நீளத்துக்கும் என் துணி தொங்கியது. அக்கா மாம்பழ நிறப் புடவையில் வந்து பெண்கள் பக்கம் தூணோரம் உட்கார்ந்திருந்தார். பூசை முழுவதும் எனக்குச் செபத்தில் மனம் செல்லவில்லை. முன்வரிசையில் இருந்தவர்களின் பின்தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது பக்கத்தில் இருப்பவர் காதில் ஏதாவது சொல்கிறார்களா என்று.

பூசை முடிந்ததும் சாமியார், "புது பீடத்துணிய எல்லாரும் வந்து பாருங்க. அபிப்பிராயம் சொல்லுங்க" என்றார்.

முதலில் பெண்கள் வந்தார்கள். களையெடுக்கப் போகிற ஒரு அத்தை குனிந்து முடிச்சுகளை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார், கதிரை உருவிப் பார்ப்பதுபோல.

"ஏ, இது இன்னும் முத்தலயே" என்றார்.

"எங்க முத்தல? நுனியெல்லாம் பழுப்பு ஏறிருச்சு பாரு" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

"பழுப்பு ஏறுனாப் போதுமா? அடியில பச்ச இருக்குதே. இப்ப அறுத்தா உமிதான் மிஞ்சும். இன்னும் எட்டு நாள் நிக்கணும்."

"எட்டு நாள் நின்னாக் குருவி விட்டு வெக்குமா? இங்க பாரு, தின்னே போட்டுருச்சு."

"அட ஆமா! குருவி கொத்துன கதிரு!"

ஆண்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் இது குறுகிய நாள் ரகம் என்றார். இன்னொருவர் அந்த ரகத்துக்கு விரல் இப்படி மடங்காது, இது பழைய நாட்டு ரகம் என்றார். கோயிலுக்குள் இருக்கிறோம் என்பதையே மறந்து சத்தம் ஏறியது. உபதேசியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டுப் பார்த்தார்.

"என்னப்பா பேசறீங்க? இது முத்துன கதிருதான்" என்றார். "இந்த ரெண்டு மட்டும் பின்னால வந்த கிளையில வெடிச்சது. அது எப்பவும் பச்சையாத்தான் நிக்கும். எங்கொல்லையில இந்த வருசம் இதேதான். அறுத்தாச்சு, நல்லாத்தான் மணி கண்டுச்சு."

"உங்க கொல்ல தண்ணி பாயற கொல்ல. உங்களுக்கென்ன" என்றார் அந்த அத்தை.

விவாதம் கோயிலுக்கு வெளியே, பொங்கல் பானைகள்வரை நடந்தது. துணி வேண்டுமா வேண்டாமா என்று ஒருவரும் பேசவில்லை. சாமியார் என்னைப் பார்த்துச் சிரித்தபடி கையை விரித்தார். பிறகு உபதேசியாரிடம், "பழச என்ன செய்யறது?" என்று கேட்டார். "மடிச்சு உள்ள வெச்சரலாம் சாமி" என்றார் அவர். தூணோரம் நின்றிருந்த அக்கா என் கையைக் கிள்ளினார். "கலரு ஓடல பாத்தியா? அதச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரல" என்றார்.

அந்தத் துணி எங்களுக்கு வேலை கொண்டுவந்தது. பொம்மிடிப் பக்கத்துக் கோயிலிலிருந்து சாமைக் கதிர் கேட்டார்கள். பாப்பாரப்பட்டிப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் புடவைக் கரைக்கு நெருஞ்சி கேட்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். சேலத்திலிருந்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் வந்து, ராகிக் கதிரை அச்சாக எடுத்துக் கொடுத்தால் பெண்களை வைத்து நூற்றுக்கணக்கில் போட்டுக்கொள்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் கடையில் மாதச் சம்பளத்துக்கு மேற்பார்வை பார்க்கலாம் என்றார். நல்ல மனிதர்தான், மரியாதையாகவே பேசினார்.

"ஒரே கதிர நூறு தடவ போட எனக்குச் சலிச்சுப் போவுமுங்க" என்றேன்.

"நீங்க போட வேண்டாம்மா, பாத்துக்கிட்டா போதும்."

"பாத்துக்கிட்டே இருந்தா இன்னும் சலிக்குமுங்க" என்றார் அக்கா.

அவருக்குக் காப்பி கொடுத்து, ஸ்டேஷன்வரை கூடப் போய் ரயிலேற்றி அனுப்பினோம். திரும்பி வரும்போது அக்காவோ நானோ வருத்தப்படவில்லை. அம்மா மட்டும் மாதச் சம்பளம் என்ற சொல்லை ரொம்ப நாள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கு அப்புறம் ஒரு வருடம் மழை பொய்த்தது. விதைத்தது முளைக்கவில்லை, முளைத்தது கருகியது. பார்த்துப் போட ஒரு பச்சை இல்லை. அக்காவின் ஆவாரஞ்செடிகூடப் பூக்கவில்லை. ஒருநாள் இருவரும் ஏரிக்குள் நடந்தோம். தண்ணீர் வற்றி, சேறு காய்ந்து, பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒவ்வொரு பாளத்தின் ஓரமும் ஓடுபோல மேலே சுருண்டிருந்தது. வெடிப்பு ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்துப் போகும் விதம் வெற்றிலை நரம்பைப் போலிருந்தது. அக்கா ஒரு பாளத்தை எடுத்துத் திருப்பினார். மேல்பக்கம் சாம்பல், அடிப்பக்கம் எருமை நனைந்த கலர்.

"இந்தக் கலரு நம்மகிட்ட இருக்குதே" என்றார்.

செம்மண் நிறப் புடவையில் உடம்பெல்லாம் ஏரி வெடிப்பு போட்டோம். அந்தப் புடவையை அக்காவின் கணவர் ஓட்டிய லாரியின் ஓனர் வீட்டம்மா பெங்களூரில் வாங்கிக்கொண்டார். பார்த்த அவர் நாத்தனார் தனக்கும் அதே மாதிரி வேண்டும் என்று அக்காவின் கணவரிடம் சொல்லியனுப்பினார். நூல் காய்ச்சி முடிப்பதற்குள் வானம் இருண்டு, விடாமல் பெய்து, ஏரி ஒரே வாரத்தில் கரையைத் தொட்டுவிட்டது. அப்பா ஏர் பூட்டப் போய்விட்டார். ஊரே கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அக்காவின் கணவர் மறுபடி வந்தபோது, "அந்த நாத்தனாரம்மா கேக்குது, என்ன சொல்லட்டும்?" என்றார்.

"ஏரி நெறைஞ்சிருச்சுன்னு சொல்லுங்கண்ணா" என்றேன். "வெடிப்பு வேணும்னா திரும்பக் காயறவரைக்கும் காத்திருக்கணும். ஏரி காயணும்னு நாங்க வேண்டிக்க முடியாது. தண்ணி வேணும்னா இப்பவே ஆரம்பிக்கறோம்."

அவர் சிரித்துக்கொண்டே போய்ச் சொல்லியிருக்கிறார். அந்தம்மா தண்ணீரே போதும் என்றார்களாம். மறுநாள் காலை நானும் அக்காவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏரிக்குள் முழங்கால்வரை இறங்கினோம். காற்று ஒரு பக்கமாக வீசி, அலை மடிப்பு மடிப்பாக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதற்கு எந்தத் தையல் பொருந்தும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. கண்டுபிடித்துவிடுவேன் என்பது மட்டும் தெரிந்தது.